உங்கட வீஜீஏ என்ன வீஜீஏ?

திங்கட்கிழமை காலை 9.40, கடை திறந்து பத்து நிமிடம், வாசலில் மூன்று பேர். மூன்றாவதாக நின்றவரின் பெயர் விநோதினி.

கணினிக் கடைக்காரனின் காதில் அதிகம் விழும் கேள்வி "என்ன விலை?" என்பதல்ல. "எங்கட மெஷினுக்குள்ள என்ன வீஜீஏ இருக்கு?" என்பதுதான். கொழும்பில் கிராபிக்ஸ் கார்டுக்கு வீஜீஏ என்றுதான் பெயர். சொந்த வீட்டில், சொந்த மேசையில், வருடக்கணக்காக இருக்கும் ஒரு பொருளைப் பற்றி இன்னொருவனிடம் வந்து கேட்கும் கேள்வி அது. கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நான் ஒரு தினசரியில் செய்தியும் படமும் அடுக்கிப் பக்கம் கட்டிய காலம் முழுவதும் என் மேசைக் கணினிக்குள் என்ன கார்ட் இருந்தது என்று எனக்குத் தெரியாது. படம் தெரிந்தது, பத்திரிகை வந்தது, அவ்வளவுதான். ஆகவே வாசகர்களே, நாமெல்லாம் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருப்பவர்கள்.

இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் கடையில் முன்மேசை என்னுடையது. விற்பதும் பில் எழுதுவதும் வொரண்டி ஸ்டிக்கர் ஒட்டுவதும் நான். கழற்றிப் பூட்டுவதெல்லாம் நிலாம். அந்தத் திங்களும் மறுநாள் செவ்வாயும் எங்கள் இருவருக்கும் எப்படிப் போயின என்பதைச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆள்

முதல் இருவரும் பிரிண்டர் மைக்கு வந்தவர்கள். ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள். விநோதினி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். வீடு கட்டி முடிந்தால் எப்படித் தெரியும் என்று கட்டுவதற்கு முன்பே காட்டுகிற முப்பரிமாணப் படங்களைக் கீறுபவர். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த வேலைக்கென்றே எங்களிடம் ஒரு மெஷின் எடுத்தார். விற்றது நான்.

அவர் வேலை செய்த ஒபிஸ் மாத முடிவில் மூடப்படுகிறது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அவரை வீட்டிலிருந்தபடி கீறுவதற்கு எடுக்கச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை: கார்டில் எட்டு ஜீபி நினைவகம் வேண்டும், அதற்கு அத்தாட்சியாக மெஷினே எழுதித் தரும் அறிக்கையை அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தில் எட்டு என்று எழுதியிருந்தார். அறிக்கையையும் எடுத்து அனுப்பிவிட்டார். அதில் எட்டைக் காணவில்லை என்றும், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரியான அறிக்கை வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்றும் பதில் வந்திருந்தது.

அந்த அறிக்கையைப் போனில் காட்டினார். கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், புரொசெசரோடு கூடப்பிறந்த சின்ன கிராபிக்ஸின் பெயர் இருந்தது. நினைவகம் 128 எம்பி. கடிதம் எழுதலாம், வீடு கீற முடியாது. "வீட்டை போய் டிவைஸ் மனேஜரைத் திறந்து பாருங்கோ பிள்ளை. டிஸ்ப்ளே எண்ட வரிக்குக் கீழ என்னென்ன பேர் இருக்கெண்டு போனில சொல்லுங்கோ" என்றேன். தலையாட்டிவிட்டுப் படி இறங்கியவர் பாதியில் நின்று திரும்பினார்.

"எட்டு எண்டு நீங்கள் சொன்னதைத்தான் அண்ணை நான் எழுதினனான். இப்ப அவங்களுக்கு நான்தான் பொய்க்காரி."

பெட்டி

பதினொரு மணிக்கு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி மூன்றாம் மாடியில் இருக்கிறார். பின்னேரங்களில் கணினியில் விமானம் ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. இரத்மலானையில் ஏற்றிப் பலாலியில் இறக்குவார். புதிய பதிப்பு ஒன்று வந்திருக்கிறதாம். தன்னுடைய கார்ட் அதற்குத் தாங்குமா என்று அறிய வேண்டும். மெஷினைக் கொண்டுவந்திருப்பார் என்று எழுந்து போனால், பொலித்தீன் சுற்றிய ஒரு வெற்றுப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். வாங்கிய நாளில் சுற்றிய பொலித்தீன், மடிப்புக் கலையவில்லை.

"எல்லா விபரமும் இதில போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நாலு பக்கமும் திருப்பி வாசித்தேன். அது மொனிட்டர் வந்த பெட்டி. திரை இருபத்துநான்கு அங்குலம், கொக்கி குத்தித் தூக்கக் கூடாது, நனையக் கூடாது என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் இல்லை. மெஷினைக் கொண்டுவந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லலாம் என்றேன். அவர் பொலித்தீனை முன்போலவே மடித்துச் சுற்றினார், வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை.

"தம்பி, மெஷின் எப்ப வேணுமெண்டாலும் பழுதாகும். பெட்டி பழுதாகாது. அதுதான் நம்பிப் பெட்டியைக் கொண்டு வந்தனான்."

பக்கத்து வீட்டுக் குழாய்

மத்தியானம் ஒரு தாய் லப்டொப்போடு வந்தார். மகள் டிசைன் படிக்கப் போகிறாள். கார்ட் காணாது, வேறு லப்டொப் எடு என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். "சும்மா சொல்லீனம், எங்களிட்ட எட்டு ஜீபி இருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். காலையில் விநோதினி காட்டிய அதே மாதிரி அறிக்கைதான். அவர் விரல் வைத்த வரியில் எட்டாயிரத்துச் சொச்சம் எம்பி என்று இருந்தது.

இந்த வரியில் விழாதவர் இல்லை. நானும் விழுந்திருக்கிறேன். அது மொத்தம். அதற்கு அடுத்த வரியில்தான் கார்டுக்கென்று சொந்தமாக உள்ளது எவ்வளவு என்று இருக்கும். மீதி, தேவைப்படும்போது மெஷினின் பொது நினைவகத்திலிருந்து எடுத்துப் பாவிப்பது. அவருடைய லப்டொப்பில் சொந்தம் 128, மற்றதெல்லாம் பொது. எப்படி விளக்குவதென்று தெரியாமல், வீட்டில் கிணறு இல்லாமல் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் எடுப்பதுபோல என்றேன். அவர்கள் குளிக்கும் நேரம் உங்களுக்குத் தண்ணீர் வராது.

அவர் அந்த இரண்டு வரியையும் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி மறுபடி வாசித்தார். பிறகு லப்டொப்பை மூடினார். அடுத்து அவர் சொன்னது லப்டொப்பைப் பற்றியா, வீட்டில் வேறு யாரையும் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் எங்கட எங்கட எண்டு பெருமை அடிச்சது முழுக்க அடுத்த வீட்டுத் தண்ணியோ?"

மூன்று பொட்டு

நாலு மணிக்கு ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு கலியாண வீடியோக்காரர் ஓட்டோவில் வந்து இறங்கினார். மெஷின் ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய கலியாணம் ஒன்று உள்ளே இருக்கிறது. எப்போதிலிருந்து என்று நிலாம் கேட்டார். சரஸ்வதி பூசைக்கு மறுநாளிலிருந்து என்றார்.

நிலாம் பக்கத் தகட்டைத் திறந்தார். உள்ளே கோயில். மின்விசிறிக்குப் பொட்டு, போர்டுக்குப் பொட்டு, கம்பிக் கட்டுக்குக்கூடப் பொட்டு. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். கார்டை வெளியே எடுத்தால், போர்டுக்குள் இறங்கும் பொன்நிற விளிம்பிலும் சந்தனம் காய்ந்திருந்தது. என்ன கார்ட் என்று நிலாம் கேட்டதற்கு அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெயர் எழுதிய இடத்திலும் ஒரு பொட்டு. ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து நிலாம் பக்குவமாகத் துடைத்து, திரும்ப அழுத்திப் பூட்டினார். திரையில் மணமகள் தோன்றினார். வீடியோக்காரர் விட்ட பெருமூச்சில் மேசையில் இருந்த பில் கட்டு ஆடியது.

ஏன் கார்டுக்கு மட்டும் இத்தனை பொட்டு என்று கேட்டேன்.

"எல்லா பார்ட்சுக்கும் ஒவ்வொரு பொட்டு வச்சோம்ணே. இது வெல கூடுன சாமானு, அதான் இதுக்கு மட்டும் மூணு."

பெயரை நம்பியவர்

ஐந்து மணிக்கு விநோதினியின் அழைப்பு. "ரெண்டு பேர் இருக்கு அண்ணை." முதலாவது அந்தக் கூடப்பிறந்தது. இரண்டாவதாக வாசித்தது நான் விற்ற கார்டின் பெயர், எழுத்துக்கு எழுத்து சரி. கார்ட் மெஷினுக்குள்தான் இருக்கிறது. நல்ல செய்தி என்று அவர் நினைத்தார். நான் நினைக்கவில்லை.

காரணம் சொல்கிறேன். போன வருடம் ஓட்டோ ஓட்டும் ரஞ்சித் என்பவர் ஒரு கார்டோடு வந்தார். ஓய்வு நாளில் மெஷினில் ரேஸ் கார் ஓட்டுவார். இணைய விளம்பரம் பார்த்து யாரிடமோ வாங்கியது. மெஷினைக் கேட்டால் எட்டு ஜீபி என்கிறது. விளையாட்டு இரண்டு ஜீபியைத் தாண்டியதும் திரை செத்துவிடுகிறது. நிலாம் கார்டின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்தது மிகப் பழைய வேறொரு சில்லு. கார்ட் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் எவனோ வேறு பெயரை எழுதிவைத்திருக்கிறான். மெஷின் அந்தப் பெயரைத்தான் வாசிக்கிறது. உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

விநோதினிக்கு மெஷின் பூட்டிய மாதம் எங்களுக்கு வழக்கமாக வரும் சரக்குத் தாமதம். ஒருகொடவத்தைப் பக்கம் களஞ்சியம் வைத்திருந்த வேறு ஒருவரிடம் நான்கு கார்ட் எடுத்தோம். மூன்றைப் பற்றி இதுவரை யாரும் முறையிடவில்லை. நான்காவது அவருடையது. "நாளைக்கு மெஷினையே கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்தபோது காதில் கேட்டது விநோதினியின் குரல் அல்ல. போன வருடம் இதே மேசைக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற ரஞ்சித்தின் குரல்.

"நான் பேரப் பாத்துத்தான் வாங்கின அய்யே. பேரே பொய் சொன்னா மனுசன் என்ன செய்ற?"

செவ்வாய்க்கிழமை

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒரு மணிக்கும் வரவில்லை. ஒன்றரைக்கு அழைத்தேன். ஓட்டோ கொச்சிக்கடையில் நிற்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை அங்குள்ள அந்தோனியார் கோயிலுக்குச் சனம் வந்து வீதி அடைபடும் என்பது கொட்டாஞ்சேனையில் பிறந்தவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவசரத்தில் இருவருமே அதை மறந்துவிட்டோம். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, படுக்கை விரிப்பில் சுற்றிய மெஷினை மடியில் வைத்தபடி வந்து இறங்கினார். சட்டை முழுக்க வியர்வை. மெஷினில் ஒரு தூசி இல்லை.

எப்படிப் பாவித்தீர்களோ அப்படியே பூட்டிக் காட்டுங்கள் என்று நிலாம் சொன்னார். விநோதினி மெஷினின் பின்பக்கத்தைத் திருப்பி, மொனிட்டர் கேபிளை எடுத்து, யோசிக்காமல் மேலே இருந்த துளையில் செருகினார். நிலாம் என்னைப் பார்த்தார். அந்தக் கேபிள் பொருந்தும் துளைகள் இரண்டு. மேலே உள்ளது போர்டின் துளை; அதில் செருகினால் படம் காட்டும் வேலையைக் கூடப்பிறந்த சின்னதுதான் செய்யும், அறிக்கையிலும் அதன் பெயர்தான் வரும். கீழே படுத்த வாக்கில் உள்ளது கார்டின் துளை. "ஏன் தங்கச்சி கீழ உள்ளதுல செருகல்ல?" என்று நிலாம் கேட்டார்.

"அதில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே" என்றார் விநோதினி. குனிந்து பார்த்தேன். கார்டையும் மெஷின் உடலையும் சேர்த்து, யாரும் கழற்றாதபடி குறுக்கே ஒட்டிய எங்கள் கடை வொரண்டி ஸ்டிக்கர். மூன்று வருடம். கிழித்தால் செல்லாது என்று மூன்று மொழியில் அச்சடித்திருக்கிறது. பக்கம் கட்டியவனின் கை, ஒரு நூல் கோணல் இல்லாமல் ஒட்டியிருந்தது. கார்டின் துளையைப் பாதிக்கு மேல் மூடியும் இருந்தது. திகதி என்னுடைய கையெழுத்து. முதல்நாளே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டும்போது, ஸ்டிக்கர் கிழிந்துவிடுமே என்று அந்தத் துளையை விட்டு மற்றதில் செருகியிருக்கிறார். அன்றிலிருந்து அப்படியே. சொன்ன சொல்லைக் கேட்ட ஒரே வாடிக்கையாளர்.

நிலாம் நகத்தால் ஸ்டிக்கரின் ஒரு முனையைக் கிளப்பினார்.

"கார்ட்ட விக்கிறதும் நாங்க, அதுட வாயக் கட்டுறதும் நாங்க. நல்ல கடதான் அண்ணன் வெச்சிருக்கோம்."

ஆறைத் தாண்டி

கேபிளை மாற்றி, அறிக்கையைத் திரும்ப எடுத்தோம். கார்டின் பெயர் வந்தது. சொந்த நினைவகம் எட்டு ஜீபிக்கு ஒரு மயிரிழை குறைய. விநோதினி கைகூப்பப் போனார். பொறுங்கோ என்றேன். ரஞ்சித்தின் கார்டும் முதலில் இதைத்தான் சொன்னது. இருக்கிறதிலேயே பெரிய வீடு ஒன்றைத் திறக்கச் சொன்னோம். நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர், முற்றத்தில் முப்பது மரம் உள்ள ஒரு வீடு. வீட்டு மேசையில் இதைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவாராம், வர நேரம் சரியாக இருக்குமாம். நிலாம் பக்கத்தில் டாஸ்க் மனேஜரைத் திறந்துவைத்தார். கார்ட் எவ்வளவு நினைவகம் பாவிக்கிறது என்று அதில் ஒரு கோடு ஏறும்.

கோடு ஒன்றைத் தாண்டியது. இரண்டு. ரஞ்சித்தின் திரை செத்த இடம். இரண்டு தசம் நாலு. நிலாம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். நாலு, ஐந்து. ஆறைத் தாண்டி நின்றது. திரையில் முப்பது மரமும் நிழலோடு நின்றன. விநோதினி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்; தான் கீறிய வீடு தடங்கலில்லாமல் சுழல்வதை அன்றுதான் பார்க்கிறார். எட்டும் அசல். ஒருகொடவத்தைக்காரருக்கு மனதுக்குள் மன்னிப்புச் சொன்னேன்.

நிலாம் உள்ளே போன நேரத்தில் விநோதினி என்னிடம், "நான்தான் பிழையா செருகியிருக்கிறன் என்ன அண்ணை, விசரி" என்றார். ஓம் என்று தலையாட்டினால் அதோடு முடிந்திருக்கும். பத்திரிகையில் பிழை போனால் மறுநாள் நாலாம் பக்க மூலையில் திருத்தம் போடுவோம். மேசையில் போடுவதற்கு மூலை இல்லை. "இல்லைப் பிள்ளை. ஸ்டிக்கரைத் துளைக்கு மேல ஒட்டினது நான். உங்களில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் பொய்யும் எழுதேல்லை" என்றேன். அவர் உரித்த ஸ்டிக்கரை எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தார்.

அதை மேசையில் வைத்துவிட்டு, முதலில் அறிக்கையை அனுப்பினார். மணி 4.12. நாங்கள் மூவரும் பிளேன்டீ குடித்தோம். 4.40க்குக் கம்பனியிலிருந்து ஒரு வரி வந்தது: கிடைத்தது, சரி, நன்றி. விநோதினி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டிவிட்டு, மெஷினைப் படுக்கை விரிப்பில் சுற்றினார். நான் புது ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தேன். கையை நீட்டி மறித்தார்.

"வேண்டாம் அண்ணை, தயவுசெய்து ஒட்டாதேங்கோ. ரெண்டு வருஷம் ஒரு துண்டுப் பேப்பருக்குப் பயந்து தேத்தண்ணி குடிச்சே காலம் போட்டுது."

ஆகவே, சொந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறதென்று அடுத்தவனைக் கேட்கும் என் சக பாவிகளே, பெட்டியையும் பில்லையும் கடைக்காரனையும் நம்புவதற்கு முன் மெஷினைச் சுவரிலிருந்து திருப்பி அதன் முதுகை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நவம்பர் மூன்றாம் திகதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு மேசையிலிருந்து விநோதினி புதிய வேலையைத் தொடங்கினார்.